வியாழக்கிழமை ஈரம்

பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க யாருக்கும் தெரியும். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர்களைத் திரும்பக் கரையேற்றுவதற்குத்தான்.

ஒரு கையில் ஈரத் துண்டும் மறு கையில் யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்புமாகப் பொதுக் குளத்தங்கரையில் என்றாவது நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் மேலே நான் சொன்னது உங்களுக்குப் புரியும். நிற்காதவர்கள் என் பேச்சை நம்பினால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. படிப்பை முடித்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பினாங்கில், பாயான் பாருவில் ஒரு பாலர் பள்ளியில் ஆள் தேவை என்றார்கள். அங்கே படித்த பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்தார்கள். பள்ளியை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை. ஊர் முழுக்க அவருக்குப் ‘பெரிய டீச்சர்’ என்றுதான் பெயர். வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளைப் பட்டணத்துப் பக்கம், மலையடிவாரத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போவது அவருடைய வழக்கம். அங்கே நகராட்சி கட்டிவிட்ட ஒரு நீர்விளையாட்டுக் குளம் இருந்தது. முழங்காலளவுத் தண்ணீர், நடுவில் ஒரு சிமெண்ட் காளான், அதன் விளிம்பைச் சுற்றி மழை மாதிரித் தண்ணீர் கொட்டும், தரையிலிருந்து ஆங்காங்கே குழாய்கள் பீறிடும். கட்டணம் கிடையாது. காலை பத்து மணிக்கே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற ஊரில், பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெரிய டீச்சருக்கு முட்டி வலி வந்துவிட்டதால், வியாழக்கிழமைக்கென்றே என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் கூச்ச சுபாவம். நேர்முகத்தில் என் பெயரையே இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு நிபந்தனையைச் சொன்னார்: “பிள்ளைய தண்ணியில விட்டுட்டாங்க, சளி பிடிச்சிருச்சுனு ஒரு அம்மா வந்து இந்த வாசல்ல நின்னு சத்தம் போட்டா வியாழக்கிழமை போச்சு. வியாழக்கிழமை போனா உன்னை வச்சு நான் என்னம்மா செய்வேன்?”

வீட்டில் அப்பா இன்னொரு ஏற்பாட்டைத் தயாராக வைத்திருந்தார். இந்த வேலை நிலைக்காவிட்டால் கிள்ளானில் பெரியம்மா வீட்டில் தங்கி, அவருடைய நண்பரின் கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கோ, காலையில் எழுந்து ஓர் இடத்துக்குப் போக ஆசை வந்தது அப்போதுதான் முதல் தடவை. அதனால் அந்த ஒரு அம்மா வந்துவிடக் கூடாதே என்பதே என் தினசரிப் பிரார்த்தனையாக இருந்தது.

என் குரல்

முதல் வியாழன். பிள்ளைகள் இறங்கினார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் கரையோரம் நின்று, “பிள்ளைங்களா, மேலே வாங்க” என்றேன். காளானிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனத் தாத்தா தன்னை அழைத்தேனோ என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வெட்கத்தில் மூன்றாவது முறை வாயே திறக்கவில்லை. கையை ஆட்டினேன். பிள்ளைகளும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள்.

கடைசியில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே இறங்கி, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கரையேற்றினேன். நாலாவதை ஏற்றுவதற்குள் முதலாவது மறுபடி இறங்கிவிட்டது. குளத்தைப் பார்த்துக்கொள்கிற நகராட்சி ஊழியர் முனியாண்டி அண்ணன் விளக்குமாற்றின் மேல் சாய்ந்தபடி இதை ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஓர் ஊது ஊதி எல்லாரையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், நீங்க பேசுறது லைப்ரரிக்கு சரியா வரும் லா. இது குளம்.”

டின் சத்தம்

கத்த வராது, ஆனால் மூளை இருக்கிறதே என்று அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துப் போனேன். நேரமானதும் மூடியை டப் டப்பென்று தட்டினேன். என்ன அதிசயம், குளமே காலியாகி என் முன்னால் வரிசையாக நின்றது. ஒரு மாதம் ராணி மாதிரி இருந்தேன்.

நான் மறந்தது ஒன்று. அந்தப் பூங்காவில் எங்களைவிட நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் குரங்குகள். டின் சத்தத்தின் அர்த்தம் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் விளங்கியதென்றால், அவற்றுக்கு அரை நாளில் விளங்கியிருக்க வேண்டும். ஒரு வியாழன் நான் இரண்டு தட்டுத் தட்டியதுமே மரத்திலிருந்து ஒரு குடும்பமே இறங்கி வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் வரிசையில் நின்றது. பெரியது ஒன்று டின்னைப் பார்க்கவில்லை. நேராகக் குகனின் பையிடம் போனது.

குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூச்சிழுப்பு வருகிற பிள்ளை. அவன் அம்மா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பேச்சில் யாழ்ப்பாணம் இன்னும் அப்படியே இருக்கிற வீடு. “வடிவாக் கூட்டிக்கொண்டு போங்கோ, தண்ணியில மட்டும் இறக்க வேண்டாம்” என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. அதனால் குகன் வியாழன்தோறும் காலுறையோடு கரையில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பையில் கம்பளித் தொப்பியும் தைலமும் ஒரு பிளாஸ்க் நிறைய மல்லித் தண்ணீரும் இருக்கும். கொத்தமல்லி, இஞ்சி, திப்பிலி எல்லாம் போட்டுக் காய்ச்சியது. அதைக் குடிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

குரங்கு பிளாஸ்க்கைத் தூக்கியது. திருகித் திறந்தது. தலையை அண்ணாந்து ஒரு வாய் குடித்தது. அடுத்த நொடி மூஞ்சியைக் கோணிக்கொண்டு துப்பிவிட்டு, பிளாஸ்க்கைத் தரையில் வைத்து, ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் மரமேறிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்க, குகன் மட்டும் பெரிய நியாயம் கிடைத்தவனைப் போல எழுந்து நின்றான். “டீச்சர், குரங்குக்கே பிடிக்கல. இத நீங்கதான் அம்மாகிட்ட சொல்லணும்.”

ஈர சீட்

டின் தட்டுவதைப் பெரிய டீச்சர் தடை செய்தார். அதன் பிறகு பஸ் ஓட்டும் மணி அண்ணன் ஹார்ன் அடிப்பார். பிஸ்கட் பஸ் படியில்தான் கொடுக்கப்படும். மணி அண்ணனின் பஸ் உண்மையில் தொழிற்சாலை பஸ். காலை ஷிப்டை இறக்கிவிட்டு, மத்தியான ஷிப்டை ஏற்றுவதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில்தான் எங்களை ஏற்றுவார். எங்களை இறக்கிவிட்ட கையோடு வீடமைப்புப் பகுதியைச் சுற்றி வந்து, சீருடையில் நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போவார்.

இதில் என்ன சிக்கல் என்று அனுபவசாலிகளுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எத்தனை துடைத்தாலும் பிள்ளையின் கால்சட்டையில் ஒரு குடம் தண்ணீர் மிச்சமிருக்கும். அது எங்கே போகும்? சீட்டுக்குள் போகும். அழுத்தினால் திரும்ப வரும்.

ஒரு நாள் காலை விஜயா அக்கா பள்ளி வாசலில் வந்து நின்றார். அவருடைய மகளும் எங்களிடம்தான் படித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே கிள்ளானுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முந்திய நாள் பஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்தாராம். தூசி துரும்பு ஆகாது என்று தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு வேலை செய்கிற இடம். வாசலில் நிற்கிற மேற்பார்வையாளர் அவரைத் திருப்பி நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்த பிறகு உள்ளே வா என்று அனுப்பிவிட்டாராம். “மெஷின் முன்னால நிக்க வேண்டிய நேரத்துல ஃபேன் முன்னால நின்னேன் டீச்சர்” என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. அதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பிள்ளைய குளிப்பாட்டுறீங்க, சரி. என்னையும் ஏன் டீச்சர் குளிப்பாட்டுறீங்க?”

சிரித்துக்கொண்டே சொன்னதால் இது புகாரில் சேராது என்று பெரிய டீச்சர் தீர்ப்பளித்தார். மணி அண்ணன் மட்டும் அடுத்த வாரத்திலிருந்து சீட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுவிட்டு, பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்வார்: “பிழிஞ்சிட்டு ஏறு, ராசா.”

மழை

பினாங்கில் இருப்பவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மலைப் பக்கம் கறுத்துவிடும். இடி கேட்டால் குளத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது நகராட்சி விதி. ஒரு வியாழன் அப்படித்தான் முனியாண்டி அண்ணன் விசில் ஊதினார். பிள்ளைகளை அவசரமாகக் கரையேற்றிக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, மளமளவென்று தலை துவட்டிவிட்டேன். கூரையில் மழை கொட்டியது. வெளியே காளானிலிருந்தும் கொட்டியது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஹமீதா, நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரரின் மகள். எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு மழையையும் குளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மின்னலைப் பற்றி விளக்கலாம் என்று நான் குரலைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அவள் முந்திக்கொண்டாள்: “டீச்சர், நனைஞ்சிருவோம்னுதானே தண்ணியிலேருந்து ஏறச் சொன்னீங்க?”

சந்தனத் தலைகள்

அடுத்த ஆண்டு தைப்பூசம் முடிந்து வந்த வியாழன். அந்தப் பூங்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தண்ணீர்மலைக் கோயில். பந்தலெல்லாம் இன்னும் பிரிக்கப்படவில்லை. வெளியூர்களிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிய குடும்பங்கள், திரும்பிப் போவதற்கு முன் பிள்ளைகளோடு குளத்தில் ஒரு கூத்தடித்துக்கொண்டிருந்தன.

பிள்ளைகளை நான் அடையாளம் கண்டுகொள்வது தலையை வைத்துத்தான் என்பது அன்று காலை வரை எனக்கே தெரியாது. சுருட்டை முடி, இரட்டைப் பின்னல், நெற்றியில் விழுகிற முடி என்று மேலிருந்து பார்த்தே எண்ணிவிடுவேன். அன்று எங்கள் பையன்களில் பலர் மொட்டை. எல்லா மொட்டையிலும் மஞ்சளாகச் சந்தனம். இறங்கின சற்று நேரத்தில் தண்ணீரும் மஞ்சளாகிவிட்டது. முனியாண்டி அண்ணன் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்து, குனிந்து முகர்ந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

குகனுக்கும் மொட்டை போட்டிருந்தார்கள். இழுப்பு நிற்க வேண்டும் என்று அவன் அம்மாவின் வேண்டுதல். வழக்கம்போல அவனைக் காலுறையோடு கரையில் உட்காரவைத்துவிட்டு நான் மற்றவர்களைப் பார்க்கப் போனேன். இடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, யாரோ ஓர் அம்மா தன் மொட்டைப் பையனின் சட்டையைக் கழற்றிக் காளானுக்கு அடியில் நிறுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். பையன் கண்ணை மூடிக்கொண்டு சொக்கி நின்றான். என்ன சமர்த்துப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

நேரமானதும் மணி அண்ணன் ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் ஓடி வந்து பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் சரி. பஸ் பூங்கா வாசலைத் தாண்டியதும், என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்த மொட்டை என் முழங்கையைத் தொட்டது. “அக்கா, இந்த பஸ் சிம்பாங் அம்பாட் போகுமா?”

அது கடலுக்கு அக்கரையில் இருக்கிற ஊர். மணி அண்ணன் என் முகத்தைப் பார்த்தே பஸ்ஸைத் திருப்பினார். குளத்தங்கரை மரத்தடியில் ஒரு குடும்பம் பாயை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில், யாருடையதோ பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, தலை நனைந்து, வாய் நிறையச் சோற்றோடு குகன் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோய் நிறுத்திய மொட்டையைப் பார்த்தார். கையிலிருந்த மொட்டையைத் துண்டை விலக்கிப் பார்த்தார். கவளம் அந்தரத்தில் நின்றது. “அடப்பாவி, நீ யாருடா?”

குகனை அணைத்துக்கொண்டு, “நீ ஏன்டா நான் வேற பிள்ளைனு சொல்லல?” என்று கேட்டேன். அவன் சோற்றை நிதானமாக மென்று விழுங்கினான். “அவங்க கேக்கவே இல்ல டீச்சர்.” நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க, அவர் என்னிடம் கேட்க, கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறித் தலைகுனிந்து நின்றோம். பிறகு அவர் காலியான இரண்டு பொட்டலங்களைக் காட்டினார். “எனக்கு அப்பவே சந்தேகம்தான் டீச்சர். என் புள்ள ஒரு பொட்டலம் தின்னவே அழுவான்.”

விமானம்

பஸ்ஸில் வரும்போது குகனின் தலையைத் துடைத்தேன், தைலம் தேய்த்தேன், கம்பளித் தொப்பியை மாட்டினேன், மல்லித் தண்ணீரைக் கொடுத்தேன். மறுபேச்சுப் பேசாமல் குடித்தான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கு வந்ததும் நேராகப் பெரிய டீச்சரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவன் அம்மாகிட்ட நீயே சொல்லு” என்றார்.

ஐந்து மணிக்குக் குகனின் அம்மா வந்தார். நான் காரின் ஜன்னலருகே குனிந்து, முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “அக்கா, இன்னிக்குக் குகன் தண்ணியில நனைஞ்சிட்டான், என் கவனக்குறைவுதான்.” சரியாக அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. பாயான் பாருவில் இதெல்லாம் சகஜம். விமானம் போகும் வரை பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்வோம். ஆனால் நான் சொல்லி முடித்துவிட்டேன். அவர் நான் ஏதோ நல்ல வார்த்தை சொன்னதாக நினைத்துத் தலையசைத்துச் சிரித்துவிட்டு, பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்ததால் கிளம்பிவிட்டார். இரவு அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். எத்தனை முறை சுழற்றியும் ‘எங்கேஜ்’ சத்தம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை குகன் பள்ளிக்கு வரவில்லை.

அன்று முழுவதும் நான் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வந்திருக்குமோ, ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களோ என்று நினைக்க நினைக்க, வேலை போவது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. மத்தியானம் மறுபடி போன் செய்தபோதும் அதே சத்தம்தான். சாயங்காலம் பெரிய டீச்சர் தன் அறையிலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “கிள்ளான்ல உன் பெரியம்மா நல்லா சமைப்பாங்களா?”

அந்த ஒரு அம்மா

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே கார் வந்து நின்றது. முதலில் குகன் குதித்து இறங்கி, ஹமீதாவைத் துரத்திக்கொண்டு ஓடினான். எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி, அவன் அம்மா கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் மறுபடி போய்விட்டது. பெரிய டீச்சர் பயந்த அதே வாசலில், மற்ற அம்மாக்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நின்று சத்தம் போடத் தொடங்கினார். நல்ல குரல். குளத்தங்கரைக்கு ஏற்ற குரல்.

“ஆரோ ஒருத்தி என்ர பிள்ளையக் குளிப்பாட்டினவளாம்! ரெண்டு பொட்டலம் சோறு வாயில தீத்தினவளாம்! இவன் எல்லாம் சொன்னவன்!”

நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“என்ர வீட்டில ஒரு வாய் சோத்துக்கு நான் இவனுக்குப் பின்னால ஓடுற ஓட்டம் உங்களுக்குத் தெரியுமோ? வியாழக்கிழமை ராத்திரி தானா வந்து தட்டை வச்சுக்கொண்டு இருக்கிறான். திண்டுபோட்டுப் படுத்தவன்தான், வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும் எழும்பேல்லை. போனை எடுத்துக் கீழ வச்சிட்டு, லீவு போட்டிட்டுப் பக்கத்திலேயே இருந்தனான். காய்ச்சல் வரும், இழுப்பு வரும் எண்டு நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறன். ஒண்டும் வரேல்லை!”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால் கோபம் குறையவில்லை, ஆளைத்தான் தேடியது. நேராக என்னிடம் திரும்பினார். “எல்லாப் பிள்ளையளும் தண்ணியில நிண்டு விளையாட, என்ர பிள்ளைய மட்டும் இத்தனை மாசமாக் கரையில இருத்தி வச்சிருக்கிறீங்களே, இது நியாயமோ?”

நான் மெதுவாக, “அக்கா, நீங்கதானே இறக்க வேண்டாம்னு…” என்றேன். இந்தத் தடவை விமானம் எதுவும் வரவில்லை. அவருக்குத் தெளிவாகவே கேட்டுவிட்டது.

“நான் சொன்னனான்தான்! தாய் எண்டா பயத்தில ஆயிரம் சொல்லுவன். நீங்கள் படிச்ச பிள்ளையெல்லோ? அக்கா, ஒருக்கா இறக்கிப் பாப்பமே எண்டு என்னட்ட வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாதோ?”

கேட்டிருக்கலாம்தான். காலுறையைப் பார்த்துப் பார்த்து மனதுக்குள் எத்தனையோ முறை கேட்டும் இருக்கிறேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் கையில் திணித்தார். உள்ளே புத்தம் புதிய நீச்சல் கால்சட்டை. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. கூடவே, எப்போதையும்விடப் பெரிய பிளாஸ்க் ஒன்று.

கார் போனதும் பெரிய டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். ஒரு அம்மா வந்து நின்று சத்தம் போட்டாகிவிட்டது. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. நான் என் பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “தண்ணியில விட்டதுக்குப் புகார் வந்தா வியாழக்கிழமைய நிறுத்துறதுனு சொன்னேன். விடாததுக்குப் புகார் வந்திருக்கே, இதுக்கு என்ன செய்ய? செவ்வாய்க்கிழமைக்கும் பஸ் கிடைக்குமானு மணியக் கேட்டு வை.”

ஆக, இத்தனை மாதம் நான் பயந்து பயந்து எதிர்பார்த்திருந்த புகார் ஒருவழியாக வந்து சேர்ந்து, என்னைக் கிள்ளானுக்கு அனுப்புவதற்குப் பதிலாக வாரத்தில் இரண்டு நாள் நனையவைத்துவிட்டுப் போனது.